ஒரு வெள்ளியில் 64 காசு

சனிக்கிழமை சாயங்காலம் கோலாலம்பூர் செந்தூலில் லாட்டரி விற்கும் நம்பர் கடை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்தக் கடை வாசலில் கார்கள் இரட்டை வரிசையில் நின்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கின்றனவோ, அதுதான். உள்ளே ஒரு சீனப் பாட்டி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்த எண்களைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு லாரி ஓட்டுநர். அதற்கும் பின்னால் என் மாமா.

மாமா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 4817 என்ற எண்ணை முப்பது வருடத்துக்கு மேலாக எடுத்து வருகிறார். அவருடைய முதல் மோட்டார் சைக்கிளின் பதிவு எண் அது. வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, எண் மட்டும் வாராவாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அவரை வீட்டில் இறக்கிவிடும்போது கேட்டார்: "ஏம்பா, இங்கயும் நம்பர்தான் விழுது, அமெரிக்காவுலயும் நம்பர்தான் விழுது. அங்க மட்டும் எப்படி ஒருத்தனுக்குக் கோடிக்கணக்குல கொட்டுது? அவனுங்க மெஷின் வேறயா?"

நல்ல கேள்வி. மெஷின் வேறில்லை. பரிசுப் பணத்தைப் பிரிக்கும் முறை வேறு, பிரித்தபின் மிச்சத்தை எடுத்துக்கொள்பவர் வேறு. இந்த இரண்டையும் கவனித்தால் எந்த நாட்டு லாட்டரியும் பிடிபட்டுவிடும். மாமாவுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், அவருக்குத் தெரிந்த நாலு நம்பரில் ஆரம்பித்து. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ரிங்கிட் எங்கள் பேச்சில் வெள்ளி. நூறு காசு ஒரு வெள்ளி.

பத்தாயிரம் எண்களையும் வாங்கினால்

0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்கள் விழும். முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகள், சிறப்புப் பரிசு பத்து, ஆறுதல் பரிசு பத்து. 'பிக்' எடுத்தால் இந்த 23-க்கும் பணம் உண்டு. 'ஸ்மால்' எடுத்தால் முதல் மூன்றுக்கு மட்டும்தான், ஆனால் தொகை கூடுதல். மேக்னம் என்ற கம்பெனியின் வழக்கமான ஆட்டத்தில் ஒரு வெள்ளி பிக்குக்கு முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு 180, ஆறுதல் பரிசு 60. ஸ்மாலுக்கு 3,500, 2,000, 1,000.

இப்போது மாமாவுக்குப் பைத்தியம் பிடித்து, பத்தாயிரம் எண்களையும் எண்ணுக்கு ஒரு வெள்ளி பிக்காக வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 10,000 வெள்ளி. எந்த எண் விழுந்தாலும் சீட்டு அவர் கையில் இருக்கும். முதல் மூன்று பரிசுக்கு 4,000, சிறப்புப் பரிசு பத்துக்கு 1,800, ஆறுதல் பத்துக்கு 600. கூட்டினால் 6,400. அதாவது போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் 64 காசு திரும்பி வருகிறது, 36 காசு வரவில்லை. ஸ்மாலாக வாங்கியிருந்தால் 6,500, வெள்ளிக்கு 65 காசு.

லாட்டரி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கணக்கு இதுதான். ஒரே ஒரு எண்ணை வாங்கினாலும் நீண்ட காலக் கணக்கு இதை நோக்கித்தான் போகும். அந்த 36 காசில்தான் அரசாங்கத்தின் வரி, கடைக்காரரின் கமிஷன், கம்பெனியின் செலவு, லாபம் எல்லாம் இருக்கின்றன.

இதை விளக்கி முடித்ததும் மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஸ்மால்தான் லாபம்னு சொல்லு. ஒரு காசு கூட." அந்த வாரத்திலிருந்து ஸ்மாலுக்கு மாறிவிட்டார். நான் சொல்ல வந்தது அதுவல்ல, ஆனால் கணக்குப்படி அவர் சொன்னது தப்பும் அல்ல.

முதல் பரிசு எப்போது விழும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. வாரத்துக்குப் புதன், சனி, ஞாயிறு என மூன்று குலுக்கல். சிறப்புக் குலுக்கல்களை விட்டுவிட்டால் வருடத்துக்கு 156. பத்தாயிரத்தை 156-ஆல் வகுத்தால் 64 வருடம் வருகிறது. ஒரே எண்ணை விடாமல் எடுப்பவருக்குச் சராசரியாக 64 வருடத்துக்கு ஒருமுறை முதல் பரிசு. சராசரி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 63 வருடம் காத்திருந்தவருக்கு அடுத்த வருடம் விழும் என்று இதற்கு அர்த்தமில்லை. குலுக்கும் பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது, போன வாரம் எது விழுந்தது என்று அதற்குத் தெரியாது. 4871 விழுந்த அன்று மாமா "நூல் அளவுல தப்பிச்சிருச்சு" என்று இரவுச் சாப்பாடு வரை புலம்பினார். பந்தைப் பொறுத்தவரை 4871-ம் 0002-ம் 4817-இலிருந்து ஒரே தூரம்தான்.

இந்தப் புலம்பலுக்கு மருந்தாகக் கடைகள் வைத்திருப்பதுதான் 'பாக்ஸ்'. நான்கு இலக்கமும் வேறுவேறாக இருந்தால் அவற்றை 24 விதமாக மாற்றி அடுக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் எப்படி விழுந்தாலும் அடிக்கும். தனித்தனியாக வாங்கினால் 24 வெள்ளி. ஒரே வெள்ளியில் எல்லாவற்றையும் அடக்கும் வகையும் உண்டு, ஆனால் அதில் பரிசும் 24-ஆல் வகுபடும். வாய்ப்பு ஏறிய அளவுக்குத் தொகை இறங்குகிறது. வெள்ளிக்கு 64 காசு என்பது அசையாது.

நாலு நம்பருக்கு ஒரு சுவையான பிறப்புக் கதையும் சொல்வார்கள். 1951-ல் கெடாவில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் பழைய சைக்கிளை விற்க, ஆளுக்கு ஒரு வெள்ளி என்று இரண்டு இலக்கச் சீட்டு போட்டானாம். டர்ஃப் கிளப் என்ற குதிரைப் பந்தயக் கிளப்பின் லாட்டரியில் முதல் பரிசு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் யாருக்கோ அவருக்குச் சைக்கிள். இரண்டு மூன்றாகி, மூன்று நான்காகி, 1969-ல் அரசாங்க உரிமத்தோடு மேக்னம் நாலு நம்பரை நடத்தத் தொடங்கியது. அதே ஆண்டு அரசாங்கமே ஸ்போர்ட்ஸ் டோட்டோவை ஏற்படுத்தி, 1985-ல் தனியாருக்குக் கொடுத்தது. இன்றைக்குத் தீபகற்பத்தில் இந்த இரண்டோடு டாமாச்சாயும் சேர்ந்து மூன்று கடைகள். எங்கள் தாத்தா காலத்தில் சமூகநல லாட்டரிச் சீட்டு என்று ஒன்றும் இருந்தது. அச்சடித்த சீட்டு, அரசாங்க வாரியம் நடத்தியது. 1990-களின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள்.

பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போனால் நாலு நம்பர் அதே நாலு நம்பர்தான், தொகை மட்டும் கொஞ்சம் மாறும். அங்கே ஒரு சிங்கப்பூர் வெள்ளி பிக்குக்கு 2,000, 1,000, 490, அதற்குப்பின் பத்து எண்களுக்கு 250, இன்னும் பத்துக்கு 60. கூட்டிப் பார்த்தால் வெள்ளிக்கு 66 காசுக்குச் சற்றுக் குறைவு. ஸ்மாலுக்கு 3,000, 2,000, 800, அதாவது 58 காசு. மாமாவின் ஸ்மால் தத்துவம் எல்லை ஊரான ஜோகூர் பாருவோடு செல்லாக்காசாகிவிடுகிறது. பெரிய வித்தியாசம் தொகையில் இல்லை, முதலாளியில் இருக்கிறது. இங்கே நடத்துவது உரிமம் பெற்ற கம்பெனிகள். அங்கே 1968-ல் அரசாங்கம் ஏற்படுத்திய சிங்கப்பூர் பூல்ஸ். கள்ளச் சூதாட்டத்தை அடக்கத்தான் அதைத் தொடங்கினார்கள்.

பானை பெருகும் வித்தை

நாலு நம்பரில் பரிசுத்தொகை முன்கூட்டியே எழுதி வைத்தது. பத்துப் பேருக்கு அடித்தால் பத்துப் பேருக்கும் முழுத் தொகை. அதனால் கம்பெனிக்கு ஒரு பயம் உண்டு: எல்லாரும் ஒரே எண்ணை எடுத்து, அது விழுந்துவிட்டால்? நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்து காரின் பதிவு எண் நாளிதழில் வந்தால், அன்றைக்கு அந்த எண் எல்லாக் கடையிலும் பறக்கும். அதற்காகத்தான் ஒரு குலுக்கலில் ஒரு எண்ணுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு நிரம்பியதும் "விற்றுத் தீர்ந்தது" என்று கையை விரித்துவிடுவார்கள்.

மாமா கேட்ட அமெரிக்க ஆட்டம் இன்னொரு ஜாதி. அங்கே விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் பானையில் போடுகிறார்கள். அடித்தவர்களுக்கு அந்தப் பானை. யாருக்கும் அடிக்கவில்லை என்றால் அடுத்த குலுக்கலுக்கு அப்படியே போய்ச் சேரும். சேரச் சேரப் பானை பெருகும். பெருத்ததும் சும்மா இருந்தவர்களும் வாங்க வருவார்கள், இன்னும் பெருகும்.

இதில் கம்பெனிக்குப் பயமே இல்லை. பானையில் இருப்பதைத்தான் கொடுக்கப்போகிறது. ஆனால் பானை பெருக வேண்டுமானால் ஒன்று நடந்தே ஆக வேண்டும்: யாருக்கும் அடிக்கக் கூடாது. அதற்கு எளிய வழி, ஆட்டத்தைக் கடினமாக்குவது. 49 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்லும் ஆட்டத்தில் வாய்ப்பு 13,983,816-இல் ஒன்று. சிங்கப்பூர் டோட்டோவும் ஹாங்காங்கின் மார்க் சிக்ஸும் இந்த வகை. 1994-ல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய லாட்டரியும் அப்படித்தான் இருந்தது. 2015 அக்டோபரில் அவர்கள் 49-ஐ 59 ஆக்கினார்கள். பத்து எண் கூடியதற்கே வாய்ப்பு 45,057,474-இல் ஒன்றாகிவிட்டது. அதே மாதம் அமெரிக்காவின் பவர்பாலும் தன் எண்களை மாற்றியது. ஏறத்தாழ 17.5 கோடியில் ஒன்றாக இருந்த வாய்ப்பு 292,201,338-இல் ஒன்றானது, அதாவது 29 கோடியைத் தாண்டியது. வாங்குபவர்கள் குறையவில்லை. மாறாக, முன்பு பார்த்திராத அளவுக்குப் பானைகள் பெருத்தன. 2022 நவம்பரில் கலிஃபோர்னியாவில் விற்ற ஒரு சீட்டுக்கு 204 கோடி டாலர் விழுந்தது.

ஆக மாமாவின் கேள்விக்குப் பதில், அங்கே பணம் அதிகம் கொடுக்கிறார்கள் என்பதல்ல. பவர்பாலில் பரிசுக்குப் போவது விற்பனையில் பாதியளவுதான், நம் நாலு நம்பரைவிடக் குறைவு. நாம் 64 காசைப் பொடிப்பொடியாக 23 எண்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். அவர்கள் அதில் பெரும்பகுதியைத் திரட்டி ஒரே தலையில் கொட்டுகிறார்கள். மற்றத் தலைகள் வெறுமையாக இருப்பதை எந்தப் பத்திரிகையும் படம் பிடித்துப் போடாது.

அந்த 204 கோடியும் அப்படியே கைக்கு வராது. 29 வருடத்துக்கு 30 தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால்தான் அந்தத் தொகை. மொத்தமாக இப்போதே வேண்டும் என்றால் 99.76 கோடி டாலர், அதற்கும் வரி உண்டு. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய மூன்றிலும் பரிசுக்கு வருமானவரி இல்லை. ஒரு லாட்டரி விளம்பரத்தைப் பார்த்தால் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையை விட்டுவிட்டு, தவணையா மொத்தமா, வரி உண்டா இல்லையா என்று பார்ப்பது நல்லது.

பானை ஆட்டத்தில் இன்னொரு சிறு விஷயம். இரண்டு பேருக்கு அடித்தால் பானை இரண்டாகும். நிறையப் பேர் பிறந்தநாளை வைத்து எண் எடுப்பதால் 1 முதல் 31 வரையுள்ள எண்களில் கூட்டம் அதிகம். 31-க்கு மேல் எடுத்தால் அடிக்கும் வாய்ப்பு கூடாது. அடித்தால் பங்குக்கு ஆள் குறைவாக இருப்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்கள் ஸ்பெயின்காரர்கள். எனக்குப் பிடித்த லாட்டரி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். 1812-ல் காடிஸ் நகரத்தில் தொடங்கியது. ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் மட்ரிட்டில் சான் இல்டெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்களையும் பரிசுகளையும் பாட்டாகவே பாடி அறிவிப்பார்கள். காலையில் தொடங்கி மணிக்கணக்காகப் போகும். முழுச் சீட்டு 200 யூரோ, ஆனால் யாரும் முழுதாக வாங்குவதில்லை. பத்தில் ஒரு பங்காகக் கிழித்து 20 யூரோவுக்கு விற்பார்கள். ஒரே எண்ணைப் பல தொகுதிகளாக அச்சடிப்பதால் ஒரு அலுவலகம் முழுவதும், சில வருடம் ஒரு கிராமம் முழுவதும் ஒரே எண்ணை வைத்திருக்கும். முதல் பரிசு விழுந்தால் 20 யூரோச் சீட்டுக்கு 400,000 யூரோ. 40,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 விழுக்காடு வரி போக, கையில் 328,000. விற்பனையில் 70 விழுக்காடு பரிசாகவே திரும்புகிறது. 204 கோடியோடு ஒப்பிட்டால் இது சில்லறை. ஆனால் தெரு முழுக்க ஆளுக்கு ஒரு வீட்டுக் கடனை அடைத்துவிட்டு ஆடுவதை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் மட்டும்தான் பார்க்க முடியும்.

அச்சடித்த சீட்டு என்ற இந்த வகைதான் நமக்கு வடக்கே தாய்லாந்திலும். மாதத்தில் 1-ம் தேதியும் 16-ம் தேதியும் குலுக்கல், சீட்டு 80 பாட், ஆறு இலக்கம், முதல் பரிசு 60 லட்சம் பாட். நமக்குப் பிடித்த எண்ணை மெஷினில் அடித்து வாங்கும் வழக்கம் அதில் இல்லை. அச்சடித்த சீட்டுகளுக்குள் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் கனவில் வந்த எண்ணுக்காகக் கடைகடையாக அலைவார்கள்.

விழுந்தால் வீட்டுக்கு

தமிழ்நாட்டு உறவினர்களிடம் லாட்டரி என்று சொன்னால் முதலில் வருவது ஒரு வாசகம்: "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு." 1968-ல் அண்ணா ஆட்சியில் மாநில அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது வந்தது. எந்த விளம்பர நிறுவனமும் இதைவிடச் சுருக்கமாக அரசாங்க லாட்டரியின் இயக்கத்தைச் சொல்லிவிட முடியாது. அந்த வாசகத்தின் 'நாடு'தான் நாம் பார்த்த 36 காசு. ஆனால் கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய ஆகிவிட்டன என்ற குரல் வலுத்து, 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் எல்லா லாட்டரியும் தடை செய்யப்பட்டது. எல்லையைத் தாண்டினால் கேரளாவில் 1967-ல் தொடங்கி இன்றுவரை அரசே நடத்துகிறது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ம் தேதி, சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இப்போது ஓணம் பம்பர் 25 கோடி. அதில் ஏஜென்ட் கமிஷன் பத்து விழுக்காடு போக 22.5 கோடி, 30 விழுக்காடு வரி போக 15.75 கோடி, அப்புறம் அந்த வரிக்கு மேலும் ஒரு கூடுதல் வரி. 'விழுந்தால் வீட்டுக்கு' என்பதிலும் நாட்டுக்குப் பங்கு இருக்கிறது.

ஒரே நாட்டுக்குள் ஒரு மாநிலத்தில் சட்டம், அடுத்த மாநிலத்தில் குற்றம் என்பது இந்தியாவில் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1964-ல் நியூ ஹாம்ப்ஷயர் முதன்முதலாக மாநில லாட்டரியைத் தொடங்கியது. இன்றும் ஐந்து மாநிலங்களில் கிடையாது. அதில் நெவாடாவும் ஒன்று என்பதுதான் வேடிக்கை. லாஸ் வேகஸ் இருக்கும் மாநிலத்தில் லாட்டரிச் சீட்டு வாங்க முடியாது. சூதாட்டக் கூடங்களுக்குப் போட்டி வேண்டாம் என்ற கணக்கு. நம் நாட்டிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் நம்பர் கடைகள் இல்லை. கடைக்கு வியாபார உரிமம் தருவது உள்ளூராட்சி மன்றம் என்பதால் மாநில அரசின் கை அங்கே ஓங்குகிறது. கெடாவில் 2023 ஜனவரி 1 முதல் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை, அதன்மேல் வழக்கும் நடந்தது. சைக்கிள் சீட்டுக் கதை பிறந்த மாநிலம் அது என்பதை மாமாதான் நினைவூட்டினார். முஸ்லிம்களுக்குச் சூதாட்டம் ஷரியா சட்டப்படி எங்குமே தடை. 1969-ல் உரிமம் பெற்ற கெந்திங்தான் நாட்டின் ஒரே சட்டபூர்வமான சூதாட்டக் கூடம். அங்கேயும் முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அனுமதி இல்லை. சிங்கப்பூரோ தன் சூதாட்டக் கூடங்களில் நுழையத் தன் குடிமக்களிடமே 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி வாங்குகிறது. சுற்றுலாப் பயணி சும்மா நுழையலாம்.

பந்தயம் எங்கே வேறுபடுகிறது

லாட்டரியில் பந்து தீர்மானிக்கிறது, பந்தயத்தில் குதிரையோ கால்பந்துக் குழுவோ. மற்றபடி இங்கேயும் அதே இரண்டு ஜாதிதான்: பானை ஒன்று, முன்கூட்டியே பேசிய விலை ஒன்று.

பானை முறையைக் கண்டுபிடித்தவர் ஜோசஃப் ஒல்லே, 1867-ல் பாரிஸில். அதைச் சாப்பாட்டுக் கடை மேசையிலேயே விளக்கலாம். பத்து நண்பர்கள் சேர்ந்து மூன்று குதிரைகள்மீது நூறு வெள்ளி போடுகிறார்கள். முதல் குதிரைமேல் 50, இரண்டாவதன்மேல் 30, மூன்றாவதன்மேல் 20. நடத்துபவர் முதலில் 20 வெள்ளியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். மிச்சம் 80. முதல் குதிரை ஜெயித்தால் 80-ஐ 50-ஆல் வகுத்து வெள்ளிக்கு 1.60. மூன்றாவது ஜெயித்தால் 80-ஐ 20-ஆல் வகுத்து வெள்ளிக்கு 4. எந்தக் குதிரை வந்தாலும் நடத்துபவருக்கு அதே 20. விலையை அவர் வைக்கவில்லை, பத்துப் பேரின் ஆசைதான் வைத்தது. டர்ஃப் கிளப்பில் பலகையில் விலை மாறிக்கொண்டே இருப்பது இதனால்தான். மலேசியாவில் சட்டம் அனுமதிக்கும் பந்தயம் அநேகமாக இது ஒன்றே.

அதுவும் தேய்ந்து வருகிறது. இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல். பிறகு அது சுங்கை பெசிக்குப் போனது. 1864-ல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பைக் கலைத்துவிட 2024-ல் உறுப்பினர்களே வாக்களித்தார்கள். சிங்கப்பூரில் கடைசிக் குதிரை ஓடியது 2024 அக்டோபர் 5-ம் தேதி. நகரத்துக்கு நடுவே அவ்வளவு நிலத்தில் குதிரை ஓடுவது கட்டுப்படியாகாது போலும்.

இரண்டாவது முறை பூக்கியுடையது, அதாவது பந்தயப் பணம் வாங்குபவருடையது. அவர் விலையை இப்போதே சொல்லிவிடுவார். கால்பந்தில் பலமான குழு பலவீனமான குழுவுக்கு அரை கோல் விட்டுக்கொடுக்கும் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கோல் இருப்பதால் சமன் என்ற பேச்சுக்கே இடமில்லை, இரண்டில் ஒன்றுதான். இரண்டு பக்கமும் வெள்ளிக்கு 1.90 என்பார் பூக்கி. நீங்கள் ஒரு பக்கம் நூறு, நான் மறுபக்கம் நூறு. அவர் கைக்கு 200 வருகிறது. யார் ஜெயித்தாலும் 190 கொடுக்கிறார். பத்து வெள்ளி அவருக்கு, ஐந்து விழுக்காடு. நியாயமான விலை 2.00, அந்தப் பத்துக் காசு இடைவெளிதான் அவர் பிழைப்பு. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் அவருக்கு ஆபத்து, அதனால் சாயும் பக்கத்தின் விலையை இறக்கிக்கொண்டே இருப்பார்.

லாட்டரியில் 36 காசு எடுக்கிறார்கள், பூக்கி ஐந்துதானே என்று தோன்றும். தோன்றட்டும், அதுதான் இதில் இருக்கும் பொறி. நாலு நம்பர் வாரத்துக்கு மூன்று நாள். கால்பந்துப் பந்தயம் தினமும் உண்டு, ஆட்டத்துக்கு நடுவிலும் உண்டு. ஒரே நூறு வெள்ளி ஒரு ராத்திரியில் பத்துத் தடவை சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து விழுக்காடு சராசரியாகக் கழிந்து அறுபதில் வந்து நிற்கும்.

பிரிட்டனில் பந்தயக் கடைகள் 1961 மே மாதத்திலிருந்து சட்டபூர்வமானவை, தபால் நிலையம்போல கடைத்தெருவில் இருக்கும். ஹாங்காங்கில் லாப நோக்கமற்ற ஜாக்கி கிளப் ஒன்றிடமே குதிரை, மார்க் சிக்ஸ், 2003 முதல் கால்பந்து எல்லாம். அமெரிக்காவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தடைச் சட்டத்தைத் தள்ளிய பிறகுதான் விளையாட்டுப் பந்தயம் மாநிலம் மாநிலமாகத் திறந்தது. மலேசியாவில் 2010 உலகக் கிண்ணத்தின்போது உரிமம் தருவதாக இருந்த அரசாங்கம், எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. இந்தியா 2025-ல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை ஒரே சட்டத்தில் தடை செய்தது.

ஓசியில் வாங்கிய குலுக்கல்

தடை இருக்கும் இடத்தில் ஆட்டம் நின்றுவிடுகிறதா என்றால், இல்லை. கள்ள ஆட்டத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: முடிவை யார் நம்புவார்கள்? அதற்கு எல்லா ஊரிலும் ஒரே விடைதான், யாரும் மாற்ற முடியாத ஒரு எண்ணை வெளியிலிருந்து ஓசியில் எடுத்துக்கொள்வது. பம்பாயில் மட்கா என்ற கள்ள ஆட்டம் ஆரம்பித்தது நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையையும் முடிவு விலையையும் வைத்து. 1961-ல் அந்த விலை வருவது நின்றதும் பானையிலிருந்து சீட்டெடுக்கத் தொடங்கினார்கள், மட்கா என்றாலே பானைதான். தமிழ்நாட்டில் தடைக்குப் பின் ஓடும் மூன்று நம்பர் லாட்டரிக்குக் கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கம். இங்கே கள்ள நம்பர் எழுதுபவர்களுக்கு மேக்னமும் டோட்டோவும்தான் குலுக்கித் தருகின்றன. வரி இல்லை, அதனால் கழிவு தருவார்கள். கடனுக்கும் எழுதுவார்கள். பெரிய பரிசு விழுந்தால் மறுநாள் போன் அணைந்திருக்கலாம், புகார் கொடுக்கப் போனால் நாமும் குற்றவாளி. மாமா கடனுக்கு மட்டும் எழுதமாட்டார். பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவர் சம்பள நாளன்று வீட்டுக்குப் போகாமல் நேராக எழுதுபவரிடம் போனதை அவர் வருடக்கணக்காகப் பார்த்தவர்.

போன வாரம் மாமாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பதிவு செய்தால் 50 வெள்ளி இலவசக் கிரெடிட், எந்நேரமும் விளையாடலாம், ஒரு பெண்ணின் படம், ஓடும் எண்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இதுல குலுக்கு எங்க நடக்குது?"

"குலுக்கே இல்ல மாமா. அவன் கம்ப்யூட்டர்லதான் எல்லாம்."

"யார் பாக்கறா?"

"யாரும் இல்ல."

"எத்தனை நம்பர்ல எத்தனை விழும்னு போட்டிருக்கானா?"

செய்தியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. மாமா போனை வாங்கி, அந்தச் செய்தியை அழிக்கத் தெரியாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொன்னார். அப்புறம் மணியைப் பார்த்தார். சனிக்கிழமை, ஆறேகால்.